எந்த மண்ணில் அடக்கம்?

கென்யாவின் முராங்கா பக்கம், தேயிலைச் சரிவை ஒட்டிய ஒரு வீட்டில் என் அலுவலகத் தோழி ஒருவரின் ருராஷியோ நடந்தது. கிகூயு மக்களிடையே மாப்பிள்ளை வீட்டார் வந்து பரிசம் பேசி முடிக்கும் சடங்கு அது. மாப்பிள்ளை லுவோ இனத்தவர், மேற்கே விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயாக்காரர். அவருடைய சித்தப்பாக்களும் அத்தைமார்களும் வாடகைக்கு அமர்த்திய மட்டாட்டு வேனில் இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்தார்கள். கிழங்கு மசித்த முக்கிமோவும் சுட்ட ஆட்டிறைச்சியும் பரிமாறுவதற்கு முன், இரு தரப்புப் பேச்சாளர்களும் எதிரெதிரே அமர்ந்து, ஆட்டுக் கணக்கில் தொடங்கி ஷில்லிங்கில் முடிகிற அந்தப் பேச்சை நடத்தினார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாததால் எல்லாமே சுவாஹிலியில். பேச்சு நல்லபடியாக முடியப் போகிறது என்று எல்லாரும் நிம்மதியடைந்த நேரத்தில், அதுவரை வாய் திறக்காமல் கைத்தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பெண்ணின் பெரியப்பா, மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் மரியாதையாகவே கேட்டார்: "மஸே (பெரியவரே), உங்கள் பையன் நாளைக்குக் கண்ணை மூடினால் எங்கே அடக்கம் செய்வீர்கள்? அன்றைக்கு எங்கள் பெண்ணை ஒரு வார்த்தை கேட்பீர்களா?"

முதல் கேள்விக்குச் சித்தப்பா தயங்காமல் பதில் சொன்னார்: அவன் அப்பாவின் வீட்டு வளாகத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில். இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்குள் பேச்சாளர் ஒருவர் எழுந்து ஆட்டுக் கணக்குக்குத் திரும்பிவிட்டார். நம் ஊரில் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் சாவைப் பற்றி ஒருவர் வாயெடுத்தால், அவரை அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்துக்கும் அழைக்க மாட்டார்கள். அந்தக் கூடத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. வயதானவர்கள் எல்லாரும் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்களாகவே தலையை அசைத்தார்கள்.

நைரோபியில் வேலை பார்ப்பதால், ஆப்பிரிக்காவில் இனம் விட்டு இனம் கல்யாணம் செய்துகொள்வது பற்றி ஊர் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. கேட்கும்போதே அவர்கள் மனத்தில் ஒரு பதில் இருக்கும்: பழக்கவழக்கம் ஒத்துப்போகாது, மொழி வேறு, சாப்பாடு வேறு, அதனால் சிக்கல். பழக்கவழக்கத்தால் உடைந்த கலப்பு மணம் ஒன்றையும் நான் இங்கே பார்க்கவில்லை. ஏரிமீனும் உகாலி என்ற சோளக்களியும் சாப்பிடக் கற்றுக்கொள்ள ஒரு கிகூயுப் பெண்ணுக்கு ஒரு மாதம் போதும். இந்த மணங்களை உண்டாக்குவது பள்ளிக்கூடமும் சம்பளமும் வாடகை வீடும். சோதிப்பது நிலமும் சாவும் தேர்தலும். அந்தப் பெரியவரின் கேள்வி என்னை நெடுநாள் அரித்து, கடைசியில் கொண்டுபோய் நிறுத்திய இடம் இதுதான்.

ஐந்து மாதம் காத்திருந்த உடல்

1986 டிசம்பர் 20 அன்று எஸ்.எம். ஒட்டியேனோ இறந்தார். நைரோபியின் பெயர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர், லுவோ இனத்தவர், ஷேக்ஸ்பியரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். மனைவி வாம்புயி கிகூயுப் பெண். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வையாகி வா ஹிங்காவின் வழிவந்தவர், விடுதலைக்கான மாவ் மாவ் போராட்டத்தில் பங்கெடுத்து லாமு தீவில் காவலில் வைக்கப்பட்டவர், பெண்கள் தேர்தலில் நிற்பதே அரிதாக இருந்த 1969இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டவர். இருவரும் 1963இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், கிறிஸ்தவ முறைப்படி மணந்துகொண்டவர்கள். இருபத்துமூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தார்கள். வீட்டில் பேசியது ஆங்கிலம்.

கணவரை நைரோபிக்கு அருகே, ங்கொங் பக்கம் மாத்தாசியாவில் இருந்த தங்கள் நிலத்தில் அடக்கம் செய்யப்போவதாக வாம்புயி வானொலியில் அறிவித்தார். கணவரின் உடன்பிறந்தவரும் உமிரா காகெர் என்ற குலத்தாரும், சியாயாவில் உள்ள நியால்குங்கா கிராமத்தில்தான் அடக்கம் என்று அதே வானொலியில் அறிவித்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. உடல் நைரோபி சவக்கிடங்கில் இருக்க, வெளியே கூட்டம் முண்டியடிக்க, நாளிதழ்கள் சாட்சியத்தை வரிக்கு வரி அச்சிட்டன. ஒரு மனிதர் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், கல்யாணம் செய்துகொண்ட சட்டத்துக்கா, பிறந்த குலத்தின் வழக்கத்துக்கா என்பதுதான் கேள்வி. இறந்தவர் நவீன மனிதர், நகரவாசி, கிராமத்து வழக்கத்தை விட்டு எப்போதோ விலகிவிட்டவர் என்று வாம்புயியின் வழக்கறிஞர் கமின்வா வாதாடினார். லுவோவாகப் பிறந்தவன் லுவோவாகவே சாகிறான் என்பதுதான் குலத்துக்காக வாதாடிய க்வாச்சின் வாதத்தின் சாரம். மெய்யியல் பேராசிரியர் ஓடெரா ஒருகாவும் கூண்டேறி லுவோ வழக்கங்களை விளக்கினார்; குழி வெட்டும் தொழிலாளி ஒருவரும் சாட்சி சொன்னார்.

நகரத்தில் எவ்வளவு பெரிய பங்களா கட்டினாலும் அது தங்குமிடம் மட்டுமே என்பது அந்தச் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. தந்தை முன்னின்று, சேவலும் கோடரியும் நெருப்பும் கொண்டுபோய் இடம் பிடித்து நிறுவிக் கொடுப்பதுதான் லுவோக்களுக்கு வீடு. ஆண்மகன் அங்கேதான் புதைக்கப்பட வேண்டும். 1987 பிப்ரவரியில் நீதிபதி போசிரே குலத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். மே 15 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது; ஆப்பிரிக்கரான ஒரு கென்யர் தம் இனத்தின் வழக்கத்திலிருந்து தம்மைக் கழற்றிக்கொள்ள இன்றைய நிலையில் வழியில்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. மே 23 அன்று, இறந்து ஐந்து மாதம் கழித்து, ஒட்டியேனோ நியால்குங்காவில் அடக்கம் செய்யப்பட்டார். வாம்புயி அங்கே போகவில்லை.

இந்த வழக்கைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியபோது, இது கலப்பு மணத்துக்கு எதிரான தீர்ப்பு என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் அந்தக் கல்யாணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் ஒருவரும் சொல்லவில்லை. வாம்புயி மனைவி இல்லை என்றோ, பிள்ளைகள் குலத்தைச் சேராதவர்கள் என்றோ உமிரா காகெர் குலத்தார் சொல்லவில்லை. மாறாக, அவர் எங்கள் மருமகள், எங்கள் குலத்துக்குள் வந்துவிட்டவர், ஆகையால் எங்கள் வழக்கத்துக்கு அடங்கியவர் என்றுதான் சொன்னார்கள். குலம் அவரை ஒதுக்கியிருந்தால் அது வேறு வழக்கு. அவரை முழுவதுமாக விழுங்க நினைத்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் முராங்காப் பெரியவரின் இரண்டாவது கேள்வி எனக்கு முழு எடையோடு கேட்டது. எங்கள் பெண்ணை ஏற்றுக்கொள்வீர்களா என்று அவர் கேட்கவில்லை, ஏனென்றால் அதில் அவருக்கு ஐயமே இல்லை. ஏற்றுக்கொண்ட பிறகு அவளுக்கென்று ஒரு குரல் மிச்சமிருக்குமா என்பதே அவர் கேட்டது.

கலப்பது புதிதல்ல

தமிழ் வாசகர்கள் இதைப் படிக்கும்போது சாதியை நினைக்காமல் இருக்க முடியாது. ஒப்பீடு ஓர் எல்லை வரைதான் செல்லும். கிகூயுவுக்கும் லுவோவுக்கும் இடையே மேல், கீழ் என்ற படிநிலை கிடையாது, தீட்டு கிடையாது. அதைவிட முக்கியமாக, சாதி உள்ளுக்குள்ளேயே மணக்கச் சொல்கிறது. லுவோ குலம் உள்ளுக்குள் மணப்பதைத் தடை செய்கிறது. மருமகள் எப்போதும் வெளியிலிருந்து வருபவள்தான். எவ்வளவு தூரத்து வெளி என்பது மட்டுமே கேள்வி.

அந்த வெளி பழைய காலத்தில் இன்று நாம் நினைப்பதைவிடப் பெரியதாக இருந்தது. கிகூயுவும் மசாயும் ஒருவர் மாட்டை ஒருவர் கவர்ந்துகொண்டே ஒருவருக்கொருவர் பெண் கொடுத்தும் வந்தவர்கள். சண்டைக் காலத்திலும் பெண்கள் எல்லை கடந்து சந்தைக்குப் போய் வந்தார்கள். 1890களில் மாட்டுக் கொள்ளைநோயும் பெரியம்மையும் பஞ்சமும் அடுத்தடுத்து வந்தபோது, மசாய்க் குடும்பங்கள் கிகூயு வீடுகளில் அடைக்கலம் புகுந்து அங்கேயே கலந்துபோயின. கிகூயுக்களின் வீரராகப் போற்றப்படும் வையாகியின் குடும்பமே மசாய் வேரிலிருந்து வந்தது என்பது அவர்களுடைய குடும்ப வரலாறு. ஏரியின் ருசிங்கா, ம்ஃபாங்கானோ தீவுகளில் வாழும் சுபா மக்கள், லுவோ மொழியோடு உறவில்லாத பாண்டு குடும்ப மொழி பேசியவர்கள். லுவோக்களோடு தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுத்துக் கொடுத்து, தாய்மார்கள் வழியாக வந்த லுவோ மொழியையே வீட்டுமொழியாக ஆக்கிக்கொண்டார்கள். 1969இல் சுட்டுக் கொல்லப்பட்ட டாம் ம்போயாவை நாடு முழுவதும் லுவோ தலைவராகவே நினைவில் வைத்திருக்கிறது. அவர் பிறப்பால் சுபா.

ஆகவே, ஆதிகாலம் முதல் இனங்கள் தனித்தனியாக இருந்தன, இப்போதுதான் நவீன இளைஞர்கள் வேலியைத் தாண்டுகிறார்கள் என்ற கதையை நான் நம்புவதில்லை. வேலியின் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் போடப்பட்டது. ஆங்கிலேய ஆட்சி ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு ஒதுக்குநிலம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை நியமித்து, ஆண்களின் கழுத்தில் கிபாண்டே என்ற அடையாளச் சீட்டைத் தொங்கவிட்டது. மிஷனரிகளும் ஆளுக்கொரு வட்டாரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அதனால் எந்தச் சபை என்று கேட்டாலே எந்த இனம் என்று ஊகிக்கும் நிலை வந்தது. நிலத்துக்கு உரிமை கோர வேண்டுமென்றால் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லித்தான் கோர முடியும் என்று ஆனபோது, அந்தப் பெயர் சோற்றுக்கும் வாழ்வுக்கும் உரிய பத்திரமாகிவிட்டது.

சேர்த்து வைத்தவை

வேலியைப் போட்ட அதே ஆட்சி தன் தேவைக்காக மக்களைக் கலக்கவும் செய்தது. மொம்பாசாவிலிருந்து ஏரி வரை போட்ட ரயில்பாதையின் நடுவழியில் 1899இல் முளைத்த ஊர்தான் நைரோபி. லுவோக்கள் ரயில்வேக்கு வந்தார்கள், கிகூயுக்கள் காய்கறியும் கரியும் விற்க வந்தார்கள். முதலில் ஆண்களுக்கு மட்டுமே குடியிருப்பு. மனைவியும் பிள்ளைகளும் ஒதுக்குநிலத்திலேயே இருக்க வேண்டும். 1940களில் கலோலெனி போன்ற இடங்களில் குடும்பத்தோடு வாழும் வீடுகள் கட்டப்பட்ட பிறகு, ஒரே குழாயடியில் வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் விளையாடி வளர்ந்தார்கள். அந்தக் குழாயடிகளில் பிறந்த தலைமுறைதான் சுவாஹிலியை உடைத்து ஷெங் பேசியது. ஷெங்கில் காதல் சொன்னவனிடம் உன் ஊர் எது என்று கேட்க அவசியமே ஏற்படுவதில்லை.

அதைவிடப் பெரிய காரணம் விடுதிப் பள்ளி என்பது என் கணிப்பு. மசேனோ, அலையன்ஸ் முதலான பள்ளிகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஒன்றாகத் தங்க வைத்தன. என் தோழியும் மாப்பிள்ளையும் சந்தித்ததும் அப்படித்தான்: இருவரும் தத்தம் ஊரை விட்டு வெகுதொலைவில் விடுதியில் படித்தவர்கள், பிறகு ஒரே பல்கலைக்கழகம், பிறகு நைரோபியில் அடுத்தடுத்த தெருவில் வாடகை. கையில் சொந்தச் சம்பளம் இருந்ததால் மாப்பிள்ளை பரிசத்துக்கு மாமன்மார்களின் மாட்டை எதிர்பார்க்கவில்லை. ஒரு காலத்தில் மாடு தருகிறவர்களின் சம்மதமில்லாமல் கல்யாணம் நடக்காது. மாடு கைபேசியில் அனுப்பும் பணமாக மாறியபோது மாமன்களின் பிடி தளர்ந்தது. பரிசத்தில் ஓர் அடையாளத் தொகை கொடுத்தாலே போதும் என்று 2014ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் சொல்லிவிட்டது.

பக்கத்து நாடான தான்சானியாவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதன் முதல் குடியரசுத் தலைவர் நியெரேரே சுவாஹிலியைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஊன்றினார், மாணவர்களையும் அரசு ஊழியர்களையும் சொந்த ஊரிலிருந்து தொலைதூரத்துக்கு அனுப்பினார், இனப் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்பதை இழிவாக்கினார். அங்கே இனம் கடந்த மணம் பேசுபொருளாகவே இருப்பதில்லை. கென்யாவிலோ 1980களில் பள்ளி இடங்களில் பெரும்பங்கை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் முறை வந்தது. பின்தங்கிய வட்டாரங்களுக்கு நியாயம் செய்வதாக அது சொல்லப்பட்டது. ஒன்றாகத் தங்கிப் படிக்கும் வாய்ப்பை அது வெட்டியது என்று இங்கே பல ஆசிரியர்கள் வருத்தப்பட்டுப் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

தேர்தல் வந்தால்

2007 டிசம்பர் இறுதியில், கிகூயு ஒருவரும் லுவோ ஒருவரும் மோதிய குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவு அறிவிக்கப்பட்டதும் வெடித்த வன்முறையில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். எல்டொரெட் அருகே கியாம்பாவில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்த கிகூயுக் குடும்பங்களோடு கட்டடம் கொளுத்தப்பட்டது. 2008 ஜனவரியின் கடைசியில் நைவாஷாவில் லுவோக்கள் வீட்டுக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கிகூயுவில் விருத்தசேதனம் செய்துகொண்டவனே ஆண்மகன். லுவோக்களிடம் மரபாக அந்த வழக்கம் இல்லை. ஒரு சடங்கு வேறுபாடு, 'முழு ஆண் அல்லாதவன் நாட்டை ஆளலாமா' என்ற தேர்தல் வசையாக மாறி, அந்த நாள்களில் கத்தியாகவே இறங்கியது.

என் தோழியின் அத்தை அப்போது லுவோக்களின் பெரிய ஊரான கிசுமுவில் இருந்தார். அவரும் ஒரு லுவோவை மணந்தவர். ருராஷியோ முடிந்த மாலையில், பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் அந்த நாள்களைச் சொன்னார். காவல் நிலையத்தின் பின்புறத் திடலில் மற்ற கிகூயுக்களோடு அவரும் படுத்திருந்தாராம். கணவர் வேலிக்கு வெளியே நின்று, தூக்குவாளியில் உகாலியும் பொரித்த சிறுமீனும் கொண்டுவந்து கம்பி இடுக்கு வழியாகத் தருவார். காவலுக்கு நின்றவர் அவரை உள்ளே விடவில்லை, அவரும் மனைவியை வெளியே கூப்பிடவில்லை. அவர்களுடைய மகனுக்கு அம்மா வழித் தாத்தாவின் பெயரும் உண்டு, இரவில் பிறந்ததால் ஒட்டியேனோ என்ற பெயரும் உண்டு. திடலுக்குள் ஒரு பெயரால் கூப்பிட வேண்டும், திரும்பிப் போகும் வழியில் இன்னொன்றால் கூப்பிட வேண்டும் என்று அப்பா அந்தச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அவர்கள் பிரியவில்லை. "எங்களுக்குள்ளே அந்த மாதம் ஒரு சண்டைகூட வரவில்லை" என்றார் அத்தை. இரண்டு தரப்பு உறவினர்களும் அவரவர் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்களில் பல, நைரோபியைச் சுற்றிக் கிதெங்கெலாவிலும் ரொங்காயிலும் ஐம்பதுக்கு நூறு அடி மனை வாங்கிக் குடியேறிவிட்டன. கணவன் ஊரும் இல்லை, மனைவி ஊரும் இல்லை. பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது; 2010 அரசியலமைப்பு மண வாழ்வில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்கிறது. ஒரு காலத்தில் மசாய் மாடுகள் மேய்ந்த புல்வெளியை இப்படித் துண்டு போட்டு வாங்குவதில் வேறொரு அநீதி இருக்கிறது. அது தனியே எழுத வேண்டிய விஷயம். ஆனால் மனை வாங்கி வீடு கட்டியதோடு அந்தப் பழைய கேள்வி தீர்ந்துவிடாது. ஒட்டியேனோவுக்கும் மாத்தாசியாவில் நிலம் இருந்தது.

இறந்தவரின் உடலைப் பெறும் முதல் உரிமை யாருக்கு என்று தெளிவாகச் சொல்லும் சட்டம் கென்யாவில் இன்றும் இல்லை. ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு நீதிபதியின் முன் புதிதாகத் தொடங்குகிறது. கூட வாழ்ந்தவரின் உரிமைக்கும் இறந்தவரின் விருப்பத்துக்கும் அண்மைக்கால நீதிபதிகள் 1987ஐவிடக் கூடுதல் எடை தருகிறார்கள் என்றாலும், கணவன் சவக்கிடங்கில் இருக்கும்போது ஒரு பெண் வழக்கறிஞர் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பரிசத்துக்கு அடையாளத் தொகை போதும் என்று எழுதத் தெரிந்த நாடாளுமன்றத்துக்கு, கணவனோ மனைவியோதான் முதலில், பிறகு வளர்ந்த பிள்ளைகள், அதன் பிறகே குலம் என்று ஒரு வரி எழுதுவது முடியாத காரியமல்ல. வழக்கத்தை மதிக்க வேண்டும் என்பவர்கள் இதை எதிர்ப்பார்கள். ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளேயே இடமிருக்கிறது என்பது என் வாதம். ஏரியில் மூழ்கி உடல் கிடைக்காமல் போனவருக்காக, லுவோக்கள் யாகோ மரத்தின் நீண்ட காயை உடலுக்குப் பதிலாக வைத்து, எல்லாச் சடங்கும் செய்து, தந்தையின் வளாகத்தில் அடக்கம் செய்கிறார்கள். இறந்தவரின் ஆவி வீடு சேர்ந்துவிட்டது என்றே கொள்கிறார்கள். உடல் மனைவி விரும்பும் இடத்தில் இருக்கட்டும், குலம் யாகோவை வைத்துத் தன் கடனைச் செய்துகொள்ளட்டும் என்று ஒரு லுவோ நண்பரிடம் சொன்னேன். யாகோ தொலைந்துபோனவர்களுக்கு உரியது, நைரோபிக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் தொலைந்துபோனவர் அல்ல என்கிறார் அவர். தம் மகள் கம்பா இன இளைஞன் ஒருவனை மணந்திருக்கிறாள் என்பதால், என் யோசனையை அவர் முழுதாகத் தள்ளிவிடவும் இல்லை.